முப்புரி

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் கயிறு திரிப்பதைச் சிறுவயதில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். நைலான் முழுதாக வந்திராத காலம். தேங்காய் நாரைத் திரித்துப் புரியாக்குவார்கள். மூன்று புரிகளை நீளமாக இழுத்து ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் இன்னொருவர் கட்டையைச் சுழற்றுவார். புரி ஒவ்வொன்றையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். முறுக்கியதை ஏன் திருப்பி முறுக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

“ஒரே பக்கமா முறுக்குனா கையை விட்டதும் பிரிஞ்சிடும் தம்பி. எதிரும் புதிருமா இருந்தாத்தான் ஒண்ண ஒண்ணு கெட்டியாப் புடிச்சுக்கும்” என்றார் அந்த மாமா.

அந்தக் கைத்தொழில் ரகசியம் அவருடைய கைக்குள்ளேயே, தோலிலும் எலும்பிலும் நரம்பைச் சுற்றிய உறையிலும், கோடானுகோடித் தடவை நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்னாளில் இந்த ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் பாடம் நடத்த வந்தபிறகுதான் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைப் படித்தேன். மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே இடப்பக்கமாகச் சுருண்டது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுருண்டது. நம் மொழியில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: தனி இழை இடம்புரி, சேர்ந்த கயிறு வலம்புரி. படித்த அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய் ஒரு வடக்கயிற்றின் முனையைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கயிறுதான். தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, பல், இரத்தக் குழாயின் சுவர், எல்லாம் இதனால் கட்டப்பட்டவை. ஒரு கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அத்தனை மெல்லிய கயிற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இதன் வடிவத்தை உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் சென்னையில், கிண்டியில், பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். அவர்களில் தலைவரின் பெயர் ஓரளவு தெரிந்த பெயர். மற்றவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவர் ஒருவர் வேண்டியிருந்தது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சர் சி. வி. ராமனைக் கேட்டார். ராமன் தாம் வராமல் தம் மாணவரைக் கைகாட்டினார். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு, 1952-இல் பேராசிரியராகக் கிண்டிக்கு வந்தபோது வயது முப்பதுகூட நிறையவில்லை. அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பேச்சு இளம் பேராசிரியருக்குள் விதையாக விழுந்தது.

அந்தப் புதிருக்குச் சென்னை பொருத்தமான ஊர். பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! பதனிடுவது என்பதே இந்தக் கயிறுகளை அழுகாமல் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் வேலைதான். ஆய்வுக்கு ஏற்ற நார் கங்காருவின் வால் தசைநாணில் கிடைத்தது. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ் கதிரின் முன் வைத்தார்கள்.

எக்ஸ் கதிர் நாருக்குள் புகுந்து சிதறும். பின்னால் வைத்த படச்சுருளில் புள்ளிகளாகவும் வளைகோடுகளாகவும் விழும். அந்தப் புள்ளிகளை அளந்து, இப்படிச் சிதற வேண்டுமானால் உள்ளே அணுக்கள் எப்படி நின்றிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். குளத்துக் கரையில் வந்து மோதும் அலையை மட்டும் பார்த்து, நடுவில் எத்தனை கல், எங்கெங்கே விழுந்தது என்று சொல்வதைப் போன்ற வேலை. இதற்கு அவர்களுக்கு ஒரு துப்பு உதவியது. கொலாஜனைப் பிரித்துப் பார்த்த வேதியியலார், அதிலுள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்று கண்டிருந்தார்கள். இருபது வகை அமினோ அமிலங்களில் இதுதான் மிகச் சிறியது. மற்றவற்றுக்கெல்லாம் பக்கத்தில் கிளை இருக்கும், கிளையில் கார்பன் அணுக்கள் இருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன். கிளையே இல்லாத மொட்டைக் கொம்பு என்று என் வகுப்பில் சொல்வேன்.

சரியாக மூன்றில் ஒன்று ஏன்? மூன்று சங்கிலிகள் நெருக்கமாகப் பின்னினால் நடு அச்சில் இடமே இருக்காது. அங்கே போய் உட்கார வேண்டியவர் இருப்பவர்களில் மிகச் சிறியவராக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு மூன்றாவது இடமும் அந்த நடு அச்சைப் பார்த்து வருகிறது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்! 1954 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதை எழுதினார்கள். எங்கள் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. நாங்கள் இந்தியாவோடு சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே, வடக்கே கிண்டியில், எங்கள் எலும்புக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

மறு ஆண்டு அந்த மாதிரியைத் திருத்தினார்கள். முதலில் மூன்று சங்கிலிகளையும் நேர்நேராக நிறுத்தியிருந்தவர்கள், இப்போது மூன்றையும் பொது அச்சைச் சுற்றி மெல்ல முறுக்கினார்கள். அப்போதுதான் அது கயிறு ஆயிற்று. இதை விளக்க ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட உவமை நிலா. நிலா பூமியைச் சுற்றி வருகையில் தானும் அதே கணக்கில் சுழல்வதால் எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது. அதுபோல ஒவ்வொரு சங்கிலியும் அச்சைச் சுற்றிப் போகும்போது தன் கிளைசின் முகத்தை எப்போதும் உள்நோக்கியே வைத்திருக்கிறது. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா காணும் ஊர்க்காரன் நான். அந்த நிலாவை இப்போது பார்க்கும்போது வேறொன்றும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

அந்த மாதிரியைக் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். சங்கிலிகள் முறுக்கிய கயிறாக இருப்பது சரிதான். ஆனால் சில அணுக்களை ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருக்கிவிட்டீர்கள், சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் மூன்று அமிலங்களுக்கு இரண்டு இருக்க முடியாது, ஒன்றுதான் என்றார்கள். பல ஆண்டு வாதம் நடந்தது. 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிகத்தை நேரடியாகப் பார்த்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்று என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது தெரிந்தது. கயிற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று பிணைப்பதும் தெரிந்தது. நீர்ப் பாலத்தை ராமச்சந்திரன் 1968-லேயே எழுதியிருந்தார். முப்புரி வடிவம், கிளைசினின் இடம், இரண்டும் சென்னை சொன்னபடியே நின்றன.

ஆனால் அந்தக் குறைதான் பெரிய செல்வத்தைக் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் அது அளவுக்கு மீறியது? யாரும் முறையாகச் சொல்லவில்லை. கிண்டி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, அதுவரை உலகில் வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் எடுத்து, கார்பனும் கார்பனும் எவ்வளவு நெருங்கலாம், கார்பனும் ஆக்சிஜனும் எவ்வளவு நெருங்கலாம் என்று அட்டவணை போட்டார்கள். பிறகு புரதச் சங்கிலியை அந்த அட்டவணையால் சோதித்தார்கள். இந்த வேலையில் ராமச்சந்திரனோடு நின்றவர்கள் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும். வீட்டுக்கு வீடு கணினி இருக்கும் காலமா அது! மேசைக் கணக்குப் பொறியில் ஒவ்வொரு கோணமாக, ஒவ்வொரு அணுவின் இடமாகக் கணக்கிட வேண்டும்.

புரதச் சங்கிலியை ஓலைகளை முனைக்கு முனை கோத்த மாலையாக நினைத்துக்கொள்ளலாம். ஓலை விறைப்பானது, தட்டையானது, வளையாது. கோத்த இடத்தில் மட்டும் திரும்பும். ஒவ்வொரு கோப்பிலும் இரண்டே இரண்டு திருப்பம். அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். மாலை முழுவதும் எந்த வடிவத்தில் கிடக்கும் என்பதை இந்த இரண்டு கோணங்களே தீர்மானிக்கும். இரண்டு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு சதுரம் வரைந்து, எந்தெந்த இடத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் நிற்க முடியும் என்று நிறம் தீட்டினார்கள். 1963-இல் ‘மூலக்கூறு உயிரியல்’ ஆய்விதழில் மூவர் பெயரில் வந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம். உலகம் இன்று அந்தப் படத்தை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது.

அந்தச் சதுரத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெறுமை. கிளைசின் நீங்கலாக, எந்தப் புரதத்தின் கோப்பும் அங்கே நிற்பது அரிது. நின்றால் அணு அணுவை இடிக்கும். நிற்கத்தக்க இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இடப்பக்கம் மேலே ஒரு பெரிய துண்டு, கீழே ஒன்று, வலப்பக்கத்தில் தனியே ஒரு சின்னத் துண்டு. என் மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் புரியவைக்க ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை. “நம்ம புதுச்சேரி மாநிலத்தை மேப்புல பாருங்க” என்பேன். மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக நாம் ஒரு துண்டு. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் புதுச்சேரி ஒரு துண்டு. கோதாவரிக் கரையில் ஏனாம், மேற்குக் கடலோரத்தில் மாஹே. நான்கும் ஒரே நிறம், நடுவில் இருப்பதெல்லாம் வேறு நிறம். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எத்தனை ஆயிரம் வகைப் புரதங்கள்! கண்ணிலுள்ள வில்லை, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின், சிலந்தியின் நூல், நெல்மணிக்குள் இருக்கும் சேமிப்பு, பாம்பின் நஞ்சு. இவ்வளவும் அந்தச் சில துண்டு நிலத்துக்குள் குடியிருந்தபடி கட்டப்பட்டவை. படைத்தவன் தனக்கு வைத்துக்கொண்ட இடம் கொஞ்சம், அதில் அவன் செய்துகாட்டியது கோடி. இந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் சந்நிதியில் நிற்கும் உணர்வு எனக்கு வரும். இதைச் சொல்ல நான் கூசவில்லை.

கிளைசினுக்குத் திரும்புகிறேன். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனில், கயிறாக முறுக்கிய பகுதியில், ஒரு சங்கிலிக்கு 1014 அமினோ அமிலங்கள். மூன்றுக்கு ஒன்றாக 338 கிளைசின். ஒன்றுகூடத் தவறாமல் மூன்றாவது இடத்தில் நிற்கிறது. ஒன்றே ஒன்று தவறினால்?

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். அப்பா தினமும் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போவார். பத்தாம் வகுப்புக்குள் எட்டோ ஒன்பதோ தடவை எலும்பு முறிந்திருந்தது. தும்மினால்கூட விலா வலிக்கும் என்பாள். அவளுடைய கண்ணின் வெள்ளைப் பகுதியில் லேசாக ஒரு நீலம் ஓடும். “சார், எனக்கு மட்டும் ஏன் சார் எலும்பு இப்படி?” என்று ஒருநாள் கேட்டாள். சுண்ணாம்புச் சத்துக் குறைவும்மா என்று சொல்லிவிட்டேன். தவறான பதில். அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவன்.

அந்த நோயுள்ள பலருக்குக் காரணம் ஒரே ஒரு கிளைசின். மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அந்த இடத்தில் வேறொரு அமிலம் வந்து உட்கார்கிறது. அதன் கிளை நடு அச்சில் கொள்ளாது. அங்கே கயிறு புடைத்து நெகிழ்கிறது. முறுக்கு ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனை நோக்கி ஏறிவருவது வழக்கம். அந்த இடத்தில் அது தடுமாறி நிற்கிறது. கயிறு சரியாகத் திரளாத எலும்பு, குச்சியாக ஒடிகிறது. கண்ணின் வெள்ளைச் சுவர் மெலிந்துபோவதால் உள்ளே உள்ள கருநிறம் நீலமாகத் தெரிகிறது. 1994-இல் படிகமாகப் பார்த்தார்களே, அந்த மூலக்கூறிலும் ஒரு கிளைசினை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கயிறு நெகிழ்ந்திருப்பதைக் கண்ணாரக் கண்டார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து அலைபேசியில் பேசினேன். இப்போது சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறாள். காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. “ஒரே ஒரு எழுத்தா சார்?” என்றாள். ஆமாம் அம்மா, ஒரே ஓர் எழுத்து. எலும்புக்கு வலுவூட்டும் மருந்துகள் இருக்கின்றன. அந்தக் கிளைசினைத் திரும்ப அதன் இடத்தில் வைக்கும் மருந்து இன்னும் இல்லை.

கயிறு திரிப்பதில் இன்னொரு நுட்பம். சங்கிலி பிறந்தவுடன் அதிலுள்ள புரோலின் என்ற அமிலத்தில் பலவற்றின்மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றி வைக்கும் வேலை நடக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். ஆக்சிஜன் ஏறிய கயிறு சுமார் 40 டிகிரி வெப்பம் வரை தாங்கும். ஏறாவிட்டால் 24 டிகிரியிலேயே பிரிந்துவிடும். காரைக்காலில் மார்கழி விடியற்காலையில் மட்டும்தான் அப்படியொரு கயிறு நிலைக்கும்! அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் பழம் காய்கறி இல்லாமல் கடலில் கிடந்தபோது ஈறு அழுகி, பழைய காயம் வாய்திறந்து செத்தார்கள். வாஸ்கோ ட காமாவின் முதல் பயணத்திலேயே எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். உடம்பின் கயிறு அவிழ்ந்த சாவு அது. மாங்கனியிலும் அந்த வைட்டமின் இருக்கிறது, நெல்லிக்கனியிலும் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் சோற்றோடு இலையில் வைத்த கனி வெறும் சுவைக்காக மட்டும் மரத்தில் காய்ப்பதில்லை.

மீன்களிடம் போனால் வியப்பு இன்னும் கூடுகிறது. குளிர்ந்த வடகடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் 15 டிகிரிக்கு அருகிலேயே பிரிந்துவிடும். அதன் கடலுக்கு அது போதும். நம் வங்கக் கடலின் வெதுவெதுப்பில் நீந்தும் மீனுக்குப் போதாது. ஆகவே வெப்பக் கடல் மீனின் கொலாஜனில் ஆக்சிஜன் ஏறிய புரோலின் அதிகம். எந்த மீன் எந்தக் கடலில் பிறந்ததோ அந்தக் கடலின் சூடு அதன் தோலில் எழுதியிருக்கிறது. துறைமுகத்தில் ஏலத்துக்குக் கொட்டிய கொடுவாயையும் திருக்கையையும் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அதுவும் இதுதான். கொதியில் மூன்று புரியும் பிரிந்து அலைகின்றன. ஆறும்போது மறுபடி துணை தேடி ஒன்றையொன்று பற்றுகின்றன. பழைய துணை அமையாமல், கிடைத்ததைப் பற்றி வலையாகிவிடுகின்றன. அந்த வலைக்குள் நீர் சிக்கித்தான் பிசுபிசுக்கிறது.

கருவிழி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கண்ணின் வெள்ளைச் சுவரும், அதன் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற கருவிழிப் படலமும் ஒரே பொருள், கொலாஜன். வெள்ளைச் சுவரில் கயிறுகள் தடித்ததும் மெலிந்ததுமாக எப்படியோ கிடக்கின்றன. ஒளி சிதறி வெண்மையாகிறது. கருவிழியில் எல்லாக் கயிறும் ஒரே தடிமன், ஒரே இடைவெளி, அடுக்கின்மேல் அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் பாவு விரித்ததுபோல் நிற்கின்றன. ஒளி தடையின்றி உள்ளே போகிறது. ஒரே நூலில் ஒரு சுவரும் ஒரு சன்னலும்.

இந்தச் சங்கிலிகளையெல்லாம் கோர்க்கும் தறி ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. ரைபோசோம். அதன் சிறிய பாதியின் அமைப்பை 2000-ஆம் ஆண்டில் அணு அணுவாகக் கண்டவர் வெங்கி ராமகிருஷ்ணன். 1952-இல் பிறந்தது சிதம்பரத்தில். நம்மூரிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி தாண்டினால் சிதம்பரம். கேம்பிரிட்ஜில் அவருடைய ஆய்வுக்கூடம், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைப் படிகமாக்கிப் பார்த்தது. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் பிரையன் விம்பர்லி என்ற இளம் ஆய்வாளருடையது. கூடவே, காசநோய்க்கு நாம் எத்தனையோ ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட ஸ்ட்ரெப்டோமைசின் அந்தத் தறியில் எந்த இடத்தில் போய் ஒட்டிக் கிருமியின் நெசவைக் குலைக்கிறது என்பதும் தெரிந்தது. 2009-இல் நோபல் பரிசு வந்தது. மருந்து தேடும் வேலை இப்போது பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. நோய்க் கிருமியின் புரதத்தின் வடிவத்தை முதலில் கண்டு, அதன் மடிப்பில் எங்கே ஒரு குழி இருக்கிறது, அந்தக் குழிக்குப் பொருந்தும் மூலக்கூறு எது என்று பார்க்கிறார்கள். கண்ட வடிவம் சரியா என்று சோதிக்க முதலில் எடுப்பது 1963-இன் அந்தச் சதுரத்தைத்தான். பல புள்ளிகள் வெற்றிடத்தில் விழுந்தால் எங்கோ பிழை. 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய உலகப் புரத வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு ஊகித்துச் சொல்லும் வடிவங்களையும் இந்தக் கிண்டிப் படத்தின் மேல் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர்த் தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மையாராகிய புனிதவதியார் தம் உடம்பின் தசையைக் களைந்துவிடும்படி இறைவனிடம் வேண்டிப் பேயுருப் பெற்றார். சோழர் காலச் சிற்பிகள் அவரை வார்த்த செப்புத் திருமேனிகளில் விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாகத் தெரியும்; கையில் தாளம், முகத்தில் பேரானந்தம். சதையெல்லாம் போனபின் நின்றதை அந்தச் சிற்பிகள் காட்டினார்கள். எலும்பைப் புளிக்காடியில் சில நாள் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து வளைகிற வாராகிவிடும். அந்த வார் கொலாஜன். எலும்பை நெருப்பிலிட்டால் வார் எரிந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் நிற்கும். காடாற்றும் அன்று நாம் பொறுக்கும் அஸ்தி விரலிடுக்கில் பொடியாவது அதனால்தான். அம்மையார் ஆடலைக் கண்ட திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் நாள்தோறும் கோடி கோடி முப்புரிகள் புகையாகியிருக்கும். அதே நேரத்தில் ஊரில் எங்கோ ஒரு கருப்பையில் அதே முப்புரிகள், ஒரு கிளைசினும் தவறாமல், புதிதாகத் திரிக்கப்பட்டிருக்கும்.

ராமச்சந்திரன் 1970-இல் சென்னையை விட்டுப் பெங்களூர் போனார், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். கர்த்தா அமெரிக்கா சென்று 1967-இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு அமைப்பைக் கண்ட மூவரில் ஒருவரானார். அமெரிக்காவில் முதன்முதலாகத் தீர்க்கப்பட்ட புரத அமைப்பு அது. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் பெங்களூரில் தம் பணியைத் தொடர்ந்தார்கள். கிண்டித் துறை இன்றும் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பில் புரதம் நடத்தும் நாளில் ஒரு முழம் கயிறு வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி, மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். முறுக்கி முடித்ததும் கரும்பலகையில் ராமச்சந்திரன் பெயரை எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே கோபிநாத் கர்த்தா, வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் என்ற மூன்று பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.